பக்கத்து வீட்டுக்கும் போகும் படிப்பு

மருந்துக்கடையில் வயிற்றுப்போக்குக்கான ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைப் பொட்டலம் இரண்டு அளவில் கிடைக்கும். பெரியது சுமார் 21 கிராம். அதை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். சின்னது 4 கிராமுக்குச் சற்று மேல். அது 200 மில்லிக்கு. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்ற பதற்றத்தில் பெரிய பொட்டலத்தைப் பிரித்து ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டிவிட்டால் என்ன ஆகும்? சோடியம் இருக்க வேண்டியதைப்போல ஐந்து மடங்காகிவிடும். கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஒரு டம்ளர் கடல்நீர் அள்ளினால் அதில் எவ்வளவு சோடியம் இருக்குமோ, அதில் முக்கால் பங்கு அந்த டம்ளரில் இருக்கும்.

ஓ.ஆர்.எஸ். வேலை செய்வதே அளவை நம்பித்தான். சிறுகுடல் சுவரில் குளுக்கோஸும் சோடியமும் ஜோடியாக நுழையும் ஒரு வழி உண்டு. அந்த ஜோடி உள்ளே போகும்போது தண்ணீரும் பின்னாலேயே போகும். கடுமையான பேதியிலும் இந்த வழி பெரும்பாலும் திறந்தே இருக்கும் என்பதுதான் இந்த மலிவான மருந்தின் ரகசியம். கரைசல் அளவுக்கு மீறிச் செறிந்துவிட்டால் நடப்பது தலைகீழ். குடலில் தேங்கும் உப்பு உடம்பிலிருந்து தண்ணீரை வெளியே இழுக்கும். ரத்தத்தில் சோடியம் ஏறும். குழந்தைக்கு வலிப்புகூட வரலாம். சின்னப் பொட்டலத்தை ஒரு லிட்டரில் கரைத்தாலோ, வெறும் தண்ணீர் கொடுத்த மாதிரிதான்.

எவ்வளவு தண்ணீர் என்பது பொட்டலத்தின் மேலேயே ஒரு வரியாக அச்சிட்டிருக்கிறது. கடைக்காரர் வாயால் சொல்லலாம், நர்சம்மா சொல்லலாம். ராத்திரி 2 மணிக்கு வீட்டில் இருப்பது அந்த வரி மட்டும்தான்.

நம் பக்கத்தில் படிப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் அது சம்பளத்தில்தான் போய் முடியும். நெய்வேலியில் கிடைக்குமா, சிப்காட்டில் கிடைக்குமா, இல்லை சிங்கப்பூருக்கா, துபாய்க்கா. பொருளாதார அறிஞர்களும் முதலில் அதைத்தான் கணக்கெடுத்தார்கள். பள்ளியில் கூடுதலாக இருக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஊதியம் உலகச் சராசரியாக 9% உயர்கிறது என்பது சாக்கரோபுலோஸ், பாட்ரினோஸ் இருவரும் 2018-ல் வெளியிட்ட தொகுப்பின் கணக்கு. கணக்கில் பிழையில்லை. ஆனால் பொட்டலத்தைச் சரியாகக் கரைத்த அந்தத் தாய் வேலைக்குப் போகாதவர் என்றால், இந்தக் கணக்குப்படி அவர் படித்த ஆண்டுகளின் மதிப்பு பூஜ்யம். பிழைத்த குழந்தை எந்தக் கட்டத்திலும் வராது.

சம்பளத்துக்கு வெளியே படிப்பு என்னென்ன செய்கிறது என்று பட்டியல் போடுவது எளிது. ஆண்டு விழாக்களில் அதைத்தான் செய்கிறார்கள். அது எந்த வழியாக வேலை செய்கிறது என்று கேட்டால்தான் விஷயம் சுவையாகிறது. பலனில் பெரும்பகுதி, வகுப்பறையில் உட்காராதவர்களுக்குப் போய்ச் சேர்கிறது என்பதும் அப்போதுதான் தெரியும்.

நைஜீரியாவின் இரண்டு ஊர்கள்

அந்தப் பூஜ்யத்தைக் கேள்வி கேட்டவர்களில் முக்கியமானவர் ஜான் கால்டுவெல். இடையன்குடி கால்டுவெல் அல்ல. இவர் ஆஸ்திரேலிய மக்கள்தொகை ஆய்வாளர். நைஜீரியத் தரவுகளை வைத்து 1979-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தந்தையின் படிப்பு, அவருடைய வேலை, குடியிருக்கும் இடம் என ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தாலும், குழந்தை பிழைப்பதில் தாயின் படிப்புக்குத் தனியாக ஒரு பங்கு மிஞ்சுகிறது என்று அதில் காட்டினார்.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, ஒருபுலோயே என்ற ஆய்வாளரோடு சேர்ந்து, பெரும்பாலும் ஒத்த இரண்டு நைஜீரிய ஊர்களை அவர் ஒப்பிட்டிருந்தார். ஒன்றில் மருத்துவமனை உண்டு, மற்றதில் இல்லை. மருத்துவமனையும் இல்லை, தாய்க்குப் படிப்பும் இல்லை என்ற நிலையை அடிக்கோடாக வைத்துக்கொள்வோம். மருத்துவமனை மட்டும் இருந்தால் பிள்ளைகளின் எதிர்பார்ப்பு ஆயுள் 20% கூடியிருந்தது. தாயின் படிப்பு மட்டும் இருந்தால் 33%. இரண்டும் இருந்தால் 87%.

இருபதையும் முப்பத்துமூன்றையும் கூட்டினால் 53தான் வருகிறது. மிச்சம் எங்கிருந்து வந்தது? படித்த தாய் இருக்கும் இடத்தில் மருத்துவமனையே கூடுதலாக வேலை செய்கிறது என்பதுதான் விடை. அதே கட்டடம், அதே மருந்து, அதே மருத்துவர்தான். அவற்றிலிருந்து கிடைப்பது மாறுகிறது.

ஜிப்மர் வெளிநோயாளர் பிரிவில் காலையில் நின்று பார்த்தால் இது புரியும். கடலூர், விழுப்புரம், அதற்கும் அப்பாலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள் கையில் சீட்டு வைத்திருப்பார்கள். பெரிய மருத்துவமனை என்பது சீட்டுகளால் ஆன இடம். எந்த வரிசை, எந்த அறை, ரத்தம் கொடுக்க எங்கே, முடிவு வாங்க எப்போது, திரும்ப எந்தத் தேதி. "தம்பி, இது எந்த ரூம்னு கொஞ்சம் பாருப்பா" என்ற குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். தம்பி பார்த்துச் சொல்லிவிடுவார். மருந்து கேட்கவில்லை என்றால் திரும்பி வந்து அதை டாக்டரிடம் சொல்லும் தைரியத்தைத் தம்பியால் தர முடியாது. கால்டுவெல் கவனித்தது இதையே: படிக்காத தாய்மார் மருந்து பலிக்காவிட்டால் திரும்பி வரத் தயங்கினார்கள், தங்கள் மேல்தான் பிழையோ என்று ஒதுங்கினார்கள். சில ஆண்டு படித்தவர்கள் திரும்பி வந்து கேள்வி கேட்டார்கள்.

இன்னொன்றையும் அவர் அழுத்திச் சொன்னார். வீட்டுக்குள் யார் பேச்சு எடுபடுகிறது என்பது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மாமியார் சரியென்று சொல்லும்வரை காத்திருக்கும் மருமகளுக்கும், சொல்லிவிட்டுக் கிளம்பும் மருமகளுக்கும் இடையே சில மணி நேரம் வித்தியாசம். நிமோனியாவில் அந்தச் சில மணி நேரம்தான் எல்லாம்.

175 நாடுகளின் தரவுகளைத் திரட்டி 2010-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு ஒன்று, 1970-க்கும் 2009-க்கும் இடையே ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு குறைந்ததில் ஏறத்தாழ பாதியைப் பெண்களின் படிப்பு உயர்ந்ததோடு தொடர்புபடுத்தியது. தடுப்பூசிக்கும் சுத்தமான தண்ணீருக்கும் கிடைக்கும் புகழில் கால்வாசிகூடப் பள்ளிக்கூடத்துக்குக் கிடைப்பதில்லை.

பார்க்காத கரடி

தாய் பள்ளியில் படித்தது தமிழ்ப் பாடம், கூட்டல் கழித்தல், வாய்ப்பாடு. வயிற்றுப்போக்கைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுத்திருக்க வாய்ப்பு குறைவு. கற்றதிலும் பாதி மறந்திருக்கும். அப்படியானால் எது மிஞ்சி வேலை செய்கிறது?

சோவியத் உளவியலாளர் அலெக்சாந்தர் லூரியா 1931-32ல் உஸ்பெகிஸ்தானின் கிராமங்களுக்குப் போய் ஒரு கேள்வி கேட்டார். வடக்கே பனி மூடிய இடங்களில் கரடிகள் எல்லாம் வெள்ளை. நோவாயா செம்லியா வடக்கே பனி மூடிய இடம். அங்கே கரடி என்ன நிறம்? பள்ளிக்கே போகாத விவசாயிகள் பலரின் பதில், நான் அங்கே போனதில்லை, போனவரைக் கேளுங்கள் என்கிற தினுசில் இருந்தது. சிறிது காலமே படித்தவர்கள், வெள்ளை என்றார்கள்.

முதல் பதில் சொன்னவர்களை மடையர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. கண்ணால் காணாததைப் பேசாதே என்பது நியாயமான கொள்கைதான். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றைப் பிரித்தறிந்து வலை போடும் மீனவர் எந்தப் பட்டதாரிக்கும் சளைத்தவரல்ல. பள்ளிக்கூடம் தருவது வேறொரு பழக்கம். நேரில் பார்க்காத ஒன்றைப் பற்றி, முன்பின் தெரியாத ஒருவர், சொற்களால் மட்டும் கொடுக்கும் தகவலை ஏற்று, அதிலிருந்து ஒரு முடிவுக்கு வருவது. பாடத்தில் யானை பற்றி இருக்கலாம், அக்பர் பற்றி இருக்கலாம், பயிற்சி இதுதான்.

சுகாதாரத் துறையும் வங்கியும் வானிலை மையமும் இந்த மொழியில்தான் பேசுகின்றன. கிருமியை யாரும் பார்த்ததில்லை. வங்கக்கடலில் 600 கிலோமீட்டர் தொலைவில் உருவான தாழ்வு மண்டலத்தையும் குப்பத்திலிருந்து பார்க்க முடியாது. மானிடவியலாளர் ராபர்ட் லெவைனும் அவருடைய குழுவினரும் நேபாளம், மெக்சிகோ, வெனிசுவேலா, சாம்பியா ஆகிய நாடுகளில் தாய்மாரைச் சோதித்தார்கள். வானொலி பாணியிலான உடல்நல அறிவிப்பைக் கேட்டுப் புரிந்துகொள்வது, பிள்ளைக்கு என்ன செய்கிறது என்பதை மருத்துவருக்குக் கோவையாக விளக்குவது ஆகிய இரண்டும், எப்போதோ கற்ற வாசிப்புத் திறன் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதோடு சேர்ந்தே உயர்ந்தன. மெக்சிகோவில் இன்னொன்றும் தெரிந்தது: கூடுதலாகப் படித்த தாய்மார் கைக்குழந்தையோடு அதிகமாகப் பேசினார்கள். பேசக் கேட்டு வளரும் குழந்தை, சொற்களோடு பள்ளிக்குள் நுழைகிறது. ஒரு தலைமுறையின் படிப்பு அடுத்த தலைமுறைக்கு இடுப்பில் இருக்கும்போதே போய்விடுகிறது.

மூளையிலும் தடம் தெரிகிறது. லக்னோவுக்கு அருகே கிராமங்களில் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு ஆறு மாதம் இந்தி எழுத்துக் கற்றுக்கொடுத்து, முன்னும் பின்னும் மூளையை ஸ்கேன் செய்தார்கள்; 2017-ல் முடிவு வந்தது. பார்வையோடு தொடர்புடைய மூளைப் புறணிப் பகுதிக்கும், மூளையின் ஆழத்தில் இருக்கும் தாலமஸ், மூளைத்தண்டுப் பகுதிகளுக்கும் இடையே ஒத்திசைவு கூடியிருந்தது. முப்பது வயதிலும் அது நடக்கிறது என்பதுதான் எனக்கு இதில் பிடித்த செய்தி.

படிப்பா, கூட வந்த வசதியா?

சந்தேகப் பேர்வழிகள் இந்நேரம் ஒரு கேள்வியோடு காத்திருப்பார்கள். மகளைப் படிக்கவைத்த வீடு ஏற்கெனவே கொஞ்சம் வசதியான வீடு, முற்போக்கான வீடு, ரோட்டோரம் இருக்கும் வீடு. குழந்தை பிழைத்தது படிப்பாலா, அந்த வீட்டாலா?

நல்ல கேள்வி. பாதிப் பெண்களைப் பள்ளிக்கு அனுப்பி, மீதிப் பேரை வீட்டில் நிறுத்திச் சோதிக்க முடியாது. வரலாறு தற்செயலாக அப்படி ஏதாவது செய்திருக்கிறதா என்று ஆய்வாளர்கள் தேடினார்கள். இந்தோனேசியாவில் கிடைத்தது. 1970-களில் எண்ணெய் விலை ஏறியபோது கொட்டிய பணத்தில் அந்த அரசு 1973-லிருந்து ஆறே ஆண்டுகளுக்குள் 61,000-க்கும் மேல் தொடக்கப்பள்ளிகளைக் கட்டியது. பள்ளி கட்டும்போது 12 வயதைத் தாண்டியிருந்தவருக்கு அதனால் பயனில்லை. அதே தெருவில் அப்போது நான்கு வயதாக இருந்தவருக்குப் பள்ளி கிடைத்தது. நிறையப் பள்ளிகள் கட்டிய மாவட்டங்களிலும் குறைவாகக் கட்டிய மாவட்டங்களிலும் இந்த இரண்டு வயதினரையும் ஒப்பிட்டால், வீட்டு வசதியின் பாதிப்பைப் பெருமளவு விலக்கிவிடலாம். பொருளாதார ஆய்வாளர் எஸ்தர் டுஃப்லோ இந்த வழியில் முதலில் ஊதியத்தை அளந்தார். பிறகு பிரையரோவாவோடு சேர்ந்து குழந்தை இறப்பை அளந்தார். பெற்றோரின் படிப்பு குழந்தை இறப்பைக் குறைத்திருந்தது. அதிலும் தந்தையின் படிப்பும் தாயின் படிப்பும் ஏறக்குறைய சமமாக வேலை செய்திருந்தன. "பெண் படித்தால் குடும்பமே படித்த மாதிரி" என்று சுவரில் எழுதி, அப்பாவை அந்தக் கடமையிலிருந்து விடுவித்துவிடும் நம் வழக்கத்துக்கு இது ஒரு குட்டு.

1968-ல் கட்டாயக் கல்வியை ஒன்பது ஆண்டாக நீட்டிய தைவானிலும், 1980-ல் விடுதலைக்குப் பிறகு உயர்நிலைப் பள்ளிகளைத் திறந்துவிட்ட ஜிம்பாப்வேயிலும் இதே திசையில் முடிவுகள் வந்தன. பிரிட்டனில் வரவில்லை. அங்கே பள்ளியை விட்டுப் போகும் வயதை 1947-ல் 14-லிருந்து 15 ஆகவும், 1972-ல் 16 ஆகவும் உயர்த்தினார்கள். கூடுதல் ஆண்டு படித்தவர்கள் அதனால் கூடுதல் காலம் வாழ்ந்ததாகக் கிளார்க்கும் ராயரும் நடத்திய ஆய்வில் சொல்லும்படியாக எதுவும் தெரியவில்லை.

இந்தப் பிரிட்டன் முடிவை மறைக்கும் கட்டுரைகளை நான் நம்புவதில்லை. அந்த முடிவுக்குக் காரணம் இருக்கிறது. அங்கே எல்லாருக்கும் ஏற்கெனவே வாசிக்கத் தெரியும். 1948-லிருந்து இலவச மருத்துவமும் உண்டு. ஒன்றுமே படிக்காதவர் ஐந்தாம் வகுப்பைத் தொடும்போது திறக்கும் கதவுகள், ஒன்பதாம் வகுப்புக்காரர் பத்தைத் தொடும்போது அத்தனை திறப்பதில்லை. இன்னொன்று, பெஞ்சில் இருந்த ஆண்டுகளும் கற்றுக்கொண்டதும் ஒன்றல்ல. எட்டாம் வகுப்புவரை தேர்ச்சி பெற்று, பொட்டலத்தின் வரியைப் படிக்க முடியாமல் வெளியே வரும் பிள்ளைக்கு மேலே சொன்ன எதுவும் கிடைக்காது.

ஒலிபெருக்கி

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி புதுச்சேரியின் எழுத்தறிவு 85.85%, கடலூர் மாவட்டத்தினுடையது 78.04%. இந்த எண்கள் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. 100 வீடுகள் கொண்ட ஒரு குப்பத்தில் 100 பேருக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்று வையுங்கள். வீட்டுக்கு ஒருவராக அந்த 100 பேர் இருக்கலாம். எல்லாரும் 25 வீடுகளுக்குள் அடங்கியிருக்கவும் கூடும். சதவீதம் இரண்டிலும் ஒன்றே. முதல் குப்பத்தில் எந்த வீட்டிலும் மருந்துச்சீட்டைப் படிக்க ஆள் உண்டு. இரண்டாவதில் 75 வீடுகள் இருட்டில்.

பின்னாளில் உலக வங்கியின் தலைமைப் பொருளாதார நிபுணரான கௌசிக் பாசுவும், ஜேம்ஸ் ஃபாஸ்டரும் 1998-ல் இதைச் சூத்திரமாக்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்றார்கள்: படித்தவரோடு ஒரே வீட்டில் வாழ்பவர், அப்படி யாரும் இல்லாத வீட்டில் வாழ்பவர். முன்னவர் பாதி படித்தவர்தான். அவரை முழு எண்ணாகச் சேர்க்காவிட்டாலும் ஒரு பின்னமாகச் சேர்த்தால்தான் ஊரின் உண்மையான எழுத்தறிவு தெரியும். வங்கதேசத் தரவுகளில் 2001-ல் சோதித்தபோது, விவசாயம் அல்லாத வேலைகளில் முன்னவர் பின்னவரைவிடக் கூடுதலாகச் சம்பாதிப்பதும் தெரிந்தது. பெண்களிடம் இந்தப் பலன் அதிகம்.

வீட்டுச் சுவரைத் தாண்டியும் இது போகும். புதுச்சேரியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் வில்லியனூரை மையமாக வைத்து ஊர்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. மீனவ ஊரான வீராம்பட்டினத்தில் மைய ஊழியர் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அன்றன்றைய அலை உயர முன்கணிப்பை இறக்கி, தமிழில் ஒலிபெருக்கியில் சொல்வார். கம்ப்யூட்டரைத் தொடாத, கையெழுத்துப் போடத் தெரியாத மீனவரும் அதைக் கேட்டுவிட்டு கடலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுத்தார். வாசித்தவர் ஒருவர். பயன் ஊருக்கே.

2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு கிராமத்தில் நடந்தது இதன் உச்சம். சிங்கப்பூரில் இருந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் இந்தோனேசியாவில் சுனாமி தாக்கிய செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்து ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். ஊரார் தகவல் மையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள். வீடுகளும் படகுகளும் போயின. ஊர் மக்கள் பிழைத்தார்கள். கடலூர்க் கரையில், இதே காலையில், அப்படியொரு குரல் கேட்காத ஊர்கள் எத்தனை என்பது நம் எல்லாருக்கும் தெரியும். எழுத்தறிவு, தொலைக்காட்சி, ஒலிபெருக்கி எதுவும் தனியாக அந்த ஊரைக் காப்பாற்றவில்லை. பல ஆண்டுகளாகத் தினமும் அலை உயரம் கேட்டுப் பழகிய காதுகள் இருந்தன. கண்ணில் படாத ஆபத்தைச் சொற்களை நம்பி எடுத்துக்கொண்டன. லூரியாவின் கரடியை மறந்திருக்க மாட்டீர்கள்.

சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சே பகுதியில் ஃபிராங்கன்பெர்க் குழுவினர் மக்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். அதிர்ச்சி படித்தவர், படிக்காதவர் என்று பார்க்கவில்லை. ஓராண்டு கழித்தும் மன வடுக்கள் சமமாகவே இருந்தன. நாள்பட நாள்பட வழிகள் பிரிந்தன. படித்தவர்கள் பெரும்பாலும் முகாமில் தங்காமல் வேறு வீடுகளுக்குப் போனார்கள், செலவைச் சமாளித்தார்கள், மனத்தளவிலும் தேறினார்கள். நிவாரணம் என்பதும் சீட்டுகளால் ஆன உலகம்தானே. திங்கள்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலகத்துக்கு வெளியே காசு வாங்கிக்கொண்டு மனு எழுதித் தருபவர்களைப் பார்த்தால், படிப்பு இல்லாததற்கு ஒரு மறைமுக வரி இருப்பது விளங்கும்.

ஒரே பெஞ்சில் யார் யார்

இதுவரை சொன்னது தகவல் போகும் வழி. பள்ளியால் மனப்போக்கும் மாறுமா? மாறும், ஆனால் யாரோடு உட்கார்ந்து படிக்கிறோம் என்பதைப் பொறுத்து.

டெல்லியில் மானிய விலையில் நிலம் வாங்கிய தனியார் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்ற விதி 2007-ல் நடைமுறைக்கு வந்தது. பொருளாதார ஆய்வாளர் கௌதம் ராவ் அங்கே பணக்கார மாணவர்களைச் சோதித்தார். தொடர் ஓட்டப் போட்டிக்குக் கூட்டாளியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார், பரிசு ரொக்கம். ஏழைப் பள்ளி மாணவர் வேகமாக ஓடுவார் என்று தெரிந்தும், மெதுவாக ஓடும் தன் வகை மாணவரைத் தேர்ந்தவர்கள் இருந்தார்கள். பரிசுத்தொகை கூடக்கூட இது குறைந்தது. தொகை சிறிதாக இருந்தபோதுதான் பாகுபாடு பளிச்சென்று தெரிந்தது. வகுப்பில் ஏழை நண்பர்களோடு படித்தவர்களிடம் பாகுபாடு வெகுவாகக் குறைந்திருந்தது. அவர்கள் கூடுதல் தாராளமாகவும் இருந்தார்கள். மதிப்பெண்? கணக்கிலும் இந்தியிலும் பாதிப்பில்லை, ஆங்கிலத்தில் மட்டும் லேசான சரிவு. அந்த விலைக்கு இது கொள்ளை மலிவு என்பது என் கட்சி.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் காலை 8 மணிக்கு நின்றால், ஒரே தெருவின் பிள்ளைகள் கட்டணத்துக்கு ஏற்ற வேனில் ஏறித் திசைக்கொன்றாகப் பிரிவதைப் பார்க்கலாம். படிப்பின் மற்ற பலன்கள் இந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும். இது கிடைக்காது.

இதே மாவட்டத்துச் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-ல் நந்தனார் பெயரில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அங்கே படித்தவர்கள் பின்னாளில் வாங்கிய சம்பளத்தைக் கூட்டி அந்தப் பள்ளியின் மதிப்பு இவ்வளவு என்று சொன்னால், சிதம்பரத்தில் சிரிப்பார்கள்.

மெதுவாக வரும் பலன்கள்

சில பலன்கள் வந்து சேரப் பல்லாண்டுகள் ஆகும். புதுச்சேரியில் பிரெஞ்சு நிர்வாகம் 1930-லேயே பள்ளிகளில் மதிய உணவு கொடுக்கத் தொடங்கியது. தமிழ்நாட்டில் காமராசர் காலத்திலும் 1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியிலும் அது பெரிதாகப் பரவியது. இந்தியா முழுவதற்குமான தரவுகளை வைத்து 2021-ல் வந்த ஆய்வு, சிறுமியாகப் பள்ளியில் சாப்பிட்ட பெண்ணின் குழந்தைகள் உயரமாக வளர்வதைக் கண்டது. 2006-க்கும் 2016-க்கும் இடையே குழந்தைகளின் உயரத்தில் நாடு கண்ட முன்னேற்றத்தில் 13 முதல் 32% வரை இந்தச் சோற்றோடு தொடர்புடையது என்பது அவர்களின் மதிப்பீடு. மகளின் தட்டில் விழுந்த சோறு பேரனின் உயரமாகத் திரும்பி வருகிறது.

முதுமையில் வருவது இன்னொன்று. மறதிநோய்க்குத் தடுக்கக்கூடிய காரணங்கள் என்று லான்செட் ஆணையம் 2024-ல் பட்டியலிட்ட 14-ல் ஒன்று குறைந்த படிப்பு. படித்த மூளையில் சேதம் நடக்காமல் இல்லை. சேதமான பாதைக்குப் பதில் வேறு பாதையில் வேலையை முடிக்கும் சேமிப்பு அதனிடம் கூடுதலாக இருப்பதால், அதே சேதத்துக்கு அறிகுறி தள்ளிப்போகிறது என்பதே இப்போதைய விளக்கம். தள்ளிப்போகும் ஆண்டுகளின் லாபம் நோயாளிக்கு மட்டுமா? ராத்திரியெல்லாம் விழித்துப் பார்த்துக்கொள்ளும் மகளுக்கும் மருமகளுக்கும்தான்.

பெரியவர்களுக்குப் படிப்புச் சொல்லித்தருவதில் இந்தப் பகுதிக்கு அனுபவம் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் புதுவை அறிவியல் இயக்கம் முன்நின்று நடத்திய அறிவொளி எழுத்தறிவு வகுப்புகளில் கற்றவர்களைவிடக் கற்பித்தவர்கள் பெற்றது குறைவல்ல. வீட்டுப்படி தாண்டாத இளம்பெண்கள் தெருத்தெருவாகப் போய்ப் பாடம் எடுத்தார்கள். அந்த இயக்கத்தில் முக்கியமானவரான ஜிப்மர் பேராசிரியர் டி. சுந்தரராமன் பின்னர் சத்தீஸ்கரில் மித்தானின் என்ற கிராமச் சுகாதாரப் பெண் தன்னார்வலர் திட்டத்துக்குத் துணைநின்றார். நாடெங்கும் இன்றுள்ள ஆஷா பணியாளர் திட்டத்துக்கு அது முன்னோடிகளில் ஒன்று. எழுத்து வகுப்பின் பலன் எந்த மாநிலத்தில் போய் நின்றது பாருங்கள்.

இப்போது 15 வயதைத் தாண்டியவர்களுக்காகப் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் நடக்கிறது. 2022-ல் தொடங்கி 2027 வரை. பாசு-ஃபாஸ்டர் கணக்கை ஏற்றால், இதில் முதலில் சேர்க்க வேண்டியவர்கள் வேறு ஆட்கள். பேத்தி பிளஸ் டூ படிக்கும் வீட்டின் பாட்டிக்கு எழுத்து அவசியம்தான், ஆனால் அவருக்கு வாசித்துச் சொல்ல ஆள் இருக்கிறது. பிள்ளைகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட, இரண்டு கிழங்கள் மட்டும் மிஞ்சிய வீடு அப்படியல்ல. பத்து ஆண்டுகளுக்கு முன் அங்கே வாசிக்க மூன்று பேர் இருந்தார்கள், இன்று யாருமில்லை. வீடியோ காலில் மாத்திரை அட்டையைக் காட்டிக் கேட்கிறார்கள், மகன் போனை எடுத்தால். இப்படி எத்தனை வீடுகள் என்று கணக்கெடுப்பு அட்டவணை சொல்லாது. ஊர் அங்கன்வாடி டீச்சருக்கு அது விரல் நுனியில் இருக்கும். சேர்க்கைப் பட்டியலை ஆள்வாரியாக எடுக்காமல், அவரிடம் கேட்டு வீடுவாரியாக எடுக்கலாம்.